மரபுச் செய்தியைக் கணக்கிட்டுப் படித்தல்

புனே மாநகரின் வடகிழக்கில் விமான் நகரும், வடமேற்கில் கணேஷ்கிந்துப் பகுதியும் அமைந்துள்ளன. கணேஷ்கிந்திலுள்ள பல்கலைக் கழகத்தில், மத்திய அரசாங்க உயிரியல் தொழில் நுட்பத் துறையின் ஆதரவுடன் 1987 ஆம் ஆண்டில் உயிர்த் தகவலியல் மையம் நிறுவப்பெற்றது. உயிரியல், கணிதம், கணிப்பொறி முறை ஆகியவற்றை இணைத்துப் பயிலும் இக்கல்வியில் இரண்டு வினாக்கள் அடிப்படையானவை. இரு மரபுத் தொடர்கள் எவ்வளவு ஒத்துள்ளன? அவ்வொற்றுமை தற்செயலானதா?

டி.என்.ஏ.யில் அடினின், சைட்டோசின், குவானின், தைமின் என்னும் நான்கு காரங்கள் உள்ளன. இவற்றை அ, சை, கு, தை என எழுத்துக்களாகக் கொள்வோம். மனிதனின் மரபுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துக்களைக் கொண்டது.

அ-சை-கு-தை-அ-சை என்பதன் கீழ் அ-சை-தை-அ-சை என்பதை நேருக்கு நேர் எழுதினால் முதல் இரண்டு எழுத்துக்களே பொருந்தும். மூன்றாமிடத்தை வெற்றிடமாக விட்டாலோ ஐந்தும் பொருந்தும். பொருத்தத்திற்கு மதிப்பெண்ணும் வெற்றிடத்திற்குக் கழிவும் அளித்து, மிகச் சிறந்த அமைப்பைக் காணும் முறையை நீடில்மன், வுன்ஷ் என்னும் அறிஞர்கள் 1970 இல் வெளியிட்டனர்.

எந்த இரு தொடர்களைக் கொடுத்தாலும் கணிப்பொறி ஒரு மதிப்பெண்ணை அளித்துவிடும். ஆகவே இரண்டாவது வினா எழுகிறது. பத்தெழுத்துச் சொற்கள் 10,48,576 வகைப்படும். எழுத்துக்கள் ஒழுங்கின்றிக் கலந்துள்ளன எனக் கொண்டால், குறிப்பிட்ட ஒரு பத்தெழுத்துச் சொல் மனித மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 2,860 இடங்களில் தற்செயலாகவே தோன்றும். இருபதெழுத்துச் சொற்களோ ஒரு லட்சம் கோடி வகைகளுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று அவ்வாறு தோன்றுதல் அரிது. வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் ஏறத்தாழ 20 எழுத்து நீளமுள்ள துண்டுகள் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். துண்டு மிகவும் குறுகினால், நோயாளியின் சொந்த மரபுத் தொடரிலேயே அது பொருந்தி, சோதனையின் முடிவு பிழைபடக்கூடும்.

2020 இல் கேரளத்து நோயாளிகளிடம் கிடைத்த கொரோனா வைரஸின் மரபுத் தொடரைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையம் பகுத்தறிந்து, வூகானில் கிடைத்த தொடருடன் ஒப்பிட்டது. அத்தொடர் சுமார் 30,000 எழுத்துக்களைக் கொண்டது. இத்தகைய பணிக்கு மேற்கூறிய இரு வினாக்களும் இன்றியமையாதவை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். நான்கு வகை விதைகளைச் சம எண்ணிக்கையில் ஒரு பையில் இடுக. பாராமல் ஒன்றை எடுத்து, அதன் வகையைக் குறித்து, மீண்டும் பையிலிட்டுக் கலக்குக. இவ்வாறு 100 எழுத்துக்கள் கொண்ட தொடர் கிடைக்கும். அதில் அ-சை என்னும் இணை சராசரியாக 6 இடங்களில் வரும். மாணவர்கள் தத்தம் தொடர்களில் எண்ணிப் பார்த்து, கிடைத்த எண்ணிக்கைகளைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுவார்களாக.