சிறு நாட்டின் கொடி

திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கின், துறைமுகத்துள் நுழைவதற்கு முறை பார்த்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் வரிசையாய்த் தோன்றும். சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் வரும் அக்கப்பல்களின் பின்புறத்தே பறக்குங் கொடிகளை உற்று நோக்குவார்க்கு ஒரு வியப்பு உண்டாகும். பேரரசுகளின் கொடிகளைவிடப் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்னும் சிறு நாடுகளின் கொடிகளே மிகுதியாய்க் காணப்படும். அந்நாட்டினர் பெருங் கப்பல்வணிகர் என்று எண்ணிவிடலாகாது. வரி குறைவு, விதிகள் எளியன என்ற காரணத்தால் பிற நாட்டு முதலாளிகள் தம் கப்பல்களை ஆங்குப் பதிவு செய்துகொள்கின்றனர். கப்பலில் அந்நாட்டு மாலுமி ஒருவரேனும் இருப்பார் என்ற உறுதியும் இல்லை. சுருங்கச் சொல்லின் அது வாடகைக் கொடி.

அதே கொடி பன்னாட்டு விளையாட்டு விழாவிற் செல்லும்போது நிலைமை வேறாகின்றது. ஆங்கு அதனை ஏந்துபவர் அந்நாட்டின் குடிமகனாக இருத்தல் வேண்டும். (பொருளுக்காகக் குடியுரிமை மாறி ஓடுவாரும் உளர், அக்கதை ஈண்டு வேண்டா.) மார்ஷல் தீவுகளின் மக்கள்தொகை ஐம்பதினாயிரத்துக்கும் குறைவு, நம் இராயபுரத்துத் தெருக்கள் சிலவற்றின் மக்களைச் சேர்த்தால் அத்தொகை வந்துவிடும். அத்தீவினர் ஒலிம்பிக் விழாவில் முதன்முதற் பங்குகொண்டது 2008-இல், பெய்ஜிங் நகரில். தகுதியளவை எட்டிய வீரர் ஒருவரும் இல்லாத நாடும் ஓட்டப்போட்டிக்கு ஒருவரையேனும் அனுப்பலாம் என்று ஒரு விதி உண்டு. இதனைப் பிச்சை என்று இகழ்வார் உளர். யான் அவ்வாறு கருதேன். திடலும் பயிற்சியாளரும் இல்லாத நாட்டில் திறமை உண்டா இல்லையா என்பதை, ஒருவன் ஓடிய பின்னரன்றோ அறியக்கூடும்? பனாமாவே அதற்குச் சான்று. 1948-ஆம் ஆண்டு இலண்டன் விழாவிற்கு அந்நாடு அனுப்பியவர் ஒரே ஒருவர். லாயிட் லாபீச் என்னும் அவர் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் மூன்றாமிடம் பெற்று, இரண்டு வெண்கலப் பதக்கங்களுடன் மீண்டார்.

அதே விழாவில் நமக்கு மிக அணித்தான ஒரு சிறு நாடும் முதன்முறையாகத் தோன்றியது. 1948 பெப்ருவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்ற இலங்கை, ஆறு திங்கள் நிறையுமுன்னரே இலண்டன் சென்றது. ஜூலை 31-ஆம் நாள் நடந்த 400 மீட்டர்த் தடையோட்டத்தில் டங்கன் ஒயிட் என்பார் 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்கு முன் வந்தவர் அமெரிக்கராகிய ராய் காக்ரன் ஒருவரே.

இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் முதற் பொற்பதக்கம் தேடித் தந்தவரோ ஒரு தமிழர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்னும் அவர், மெதடிஸ்த மிஷனார் நிறுவிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். நம்மைப் போன்றதொரு கல்லூரித் திடலிலேதான் அவர் பழகினார் என்பதனை உடற்பயிற்சி வகுப்பிற்கு ஒளிந்து திரியும் நண்பர்கள் குறித்துக்கொள்வார்களாக. அவருடைய துறை உயரந்தாண்டல். யாழ்ப்பாணத்தார் அதனை 'உயரம் பாய்தல்' என்பர். இக்காலத்தில் முதுகைக் கீழாக்கிக் கோலைக் கடந்து பஞ்சணையில் வீழும் முறையை நாம் காண்கிறோம். அது 1968-இல் மெக்சிகோ நகரில் ஃபாஸ்பரி என்னும் அமெரிக்கர் வெற்றி கண்டபின் பரவியது. அதற்கு முந்திய காலத்தில் தாண்டுவோன் வீழ்வது மணலிலோ மரத்தூளிலோ ஆம். எனவே கோலைக் கடந்தாற் போதாது. கழுத்து முறியாது கீழே வந்து சேரும் வகையும் அறிந்திருத்தல் வேண்டும். அத்தகைய காலத்தில் எதிர்வீரசிங்கம் பதினெட்டு வயது நிறையுமுன்னரே 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிற்கும், பின்னர் 1956-இல் மெல்போர்ன் விழாவிற்கும் சென்றார். 1958-இல் டோக்கியோவில் நிகழ்ந்த மூன்றாவது ஆசிய விழாவில் 2.03 மீட்டர், அதாவது ஆறடி எட்டங்குலம், தாண்டி முதலிடம் பெற்றார். வாயில்நிலை ஏழடி உயரமுள்ளதாயின், அதற்கு நாலங்குலமே குறைவு.

அவ்விழா நடந்த நாட்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது 1958 மே 24-ஆம் நாள் தொடங்கி ஜூன் 1-ஆம் நாள் முடிந்தது. சிங்களமே ஆட்சிமொழி என்று 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின் மூண்ட பகை, சரியாக அந்த மே மாத இறுதியிலேதான் இலங்கையிற் கொலையும் தீவைப்புமாய் வெடித்தது. மே 27-ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கொழும்பில் வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டனர். தம் சொந்த நாட்டிற்குள்ளேயே அகதிகளாய்க் கடல்வழிச் சென்றவர் அவர்.

டோக்கியோவில் உயர்ந்த கொடியின் அமைப்பும் ஈண்டு நினைக்கத்தக்கது. வாளேந்திய சிங்கம் மட்டும் பொறித்த கொடி சிங்களர்க்கே உரியதாய்த் தோன்றும் என்ற முறையீடு எழவே, 1951-இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியில் இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டன. பச்சை முஸ்லிம்களைக் குறிப்பது, காவி தமிழரைக் குறிப்பது. அக்காவிப் பட்டை குறித்த மக்களின் வீடுகள் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், அம்மக்களுள் ஒருவரே அக்கொடியை ஆசியாவின் முன் முதலிடத்திற்கு உயர்த்தினார். ஒரு நாடு தன் வீரனுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டும் நிகழ்ச்சி யான் கற்றவற்றுள் வேறில்லை. பெருநாட்டிற்கு வீரர் நூற்றுவர். ஒருவரை மறந்தாலும் கணக்கிற் குறை தோன்றாது. சிறு நாட்டிற்கோ அவ்வொருவரே கணக்கு முழுவதும்.

எதிர்வீரசிங்கம் அமெரிக்காவிற் பயின்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார், ஆப்பிரிக்க நாடுகளிற் கல்விப்பணி புரிந்தார், 2024-இல் மறைந்தார். டோக்கியோவிற்கு நான்காண்டுகளின் பின், 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விழாவிற்கும் அவர் சென்றிருந்தார். அன்றும் அவர் அணிந்தது இலங்கையின் சட்டையே. பெற்றது வெள்ளிப் பதக்கம்.