பழைய டைல்ஸின்மேல் புதிய டைல்ஸ்

சமையற்கட்டின் சுவர் பழசாகிப்போனால், பழைய டைல்ஸை உளி வைத்துப் பெயர்த்தெறிவதே சம்பிரதாயம். ஆனால் அவ்வாறு பெயர்க்கையில் பின்னாலுள்ள பூச்சும் கட்டிகட்டியாக உதிர்ந்து, உள்ளே பதித்த குழாய்கள் சேதமுற்று, வீடே புழுதியில் மூழ்குவதை உறவினர் வீடுகளில் கண்டிருந்தமையால், எங்கள் வீட்டில் பழைய வெள்ளை டைல்ஸின்மேலேயே புதியவற்றை ஒட்டத் தீர்மானித்தேன். புதிய டைலின் ஆயுள் பழைய சுவரின் யோக்கியதையைப் பொறுத்தது என்பதே அந்த வேலையில் நான் கற்ற முதற்பாடம்.

ஆகையால் பரீட்சைதான் முதற்காரியம். நாணயம் ஒன்றால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ளது கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்டதோ வெறுங்குடம்போல் ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகையவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் பெயர்த்துக் குழியை நிரவிக்கொள்ளலாம். பெரும்பகுதியும் அப்படியே ஒலித்தாலோ, அடுத்த குளியலறையிலிருந்து சுவரில் ஓதம் ஏறியிருந்தாலோ, இம்முறையைக் கைவிடுவதே உசிதம். ஏனெனில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ பாரத்தை அந்தச் சுவர் புதிதாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அடுப்புக்குப் பின்னே வருஷக்கணக்கான தாளிப்பு படியவிட்ட எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச்சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மேற்பளபளப்பைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கினோம்.

"காலங்காலமா ஊறப்போட்டு, சிமெண்டுலதானுங்க ஒட்டுறோம்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது செங்கற்சுவரின் பூச்சுக்குப் பொருந்தும். சிமெண்டு தான் பற்றும் பரப்பினுள் சற்றே ஊடுருவித்தான் பிடிக்கிறது, நீரை ஏற்காத பளபளப்பில் அதற்குப் பிடிமானம் ஏது? எனவே டைல்மேல் டைல் ஒட்டத் தக்கதென்று பையிலேயே அச்சிட்டிருந்த பசைச்சாந்தை வாங்கி, டைலை ஊறவிடாமல் உலர்ந்தபடியே, பல்கரண்டியால் சாந்தை வாரிவிட்டு ஒட்டச் செய்தேன். இந்தச் சாந்தைச் சுவரில் தடவியபின் 20 நிமிஷத்துக்கெல்லாம் மேலே ஆடை கட்டத் தொடங்கும். கோடைக்காலத்தில் இன்னும் விரைவு. விரலால் தொட்டால் ஒட்டாத சாந்தை ஈவிரக்கமின்றி வழித்தெறிந்துவிட வேண்டும். தண்ணீர் தெளித்து அதற்கு உயிர்கொடுக்க முயல்வது வீண் பிரயத்தனம்.

சுவர் ஏறத்தாழ அரை அங்குலம் முன்னே வருமென்பதைப் பலர் முன்கூட்டியே யோசிப்பதில்லை. சுவிட்சுப் பெட்டிக்கு நீளமான திருகாணிகளும், குழாய்க்கு நீட்டிப்புத் துண்டும் முதலிலேயே வாங்கி வைத்தல் நலம். மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தப் பெட்டிகளின் அருகே கை வைக்கலாகாது.

மறுநாள் இணைப்புகளை அடைத்தபோது, அடுப்புப் பக்கத்துக்கு மட்டும் எபாக்சி கலவையையே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன்; விலை அதிகமாயினும் மஞ்சளும் எண்ணெயும் அதில் எளிதில் இறங்குவதில்லை. கிரானைட் மேடையும் சுவரும் சந்திக்கும் கோட்டிலோ அதுவும் ஆகாது. இரண்டும் வெவ்வேறாக அசைவதால் விறைப்பான எந்த அடைப்பும் அங்கே விரிசல் கண்டுவிடும், ஆதலால் அவ்விடத்தில் சிறிது இடைவெளி விட்டுச் சிலிக்கானால் நிரப்பச் சொன்னேன்.