இரைப்பும் உறவும்

நோய்களுள் சில உடலை மட்டும் வருத்துவன. சில மனிதனை மனிதரிடமிருந்து விலக்குவன. ஆஸ்துமா எனப்படும் இரைப்பு நோய் இவ்விரண்டையும் செய்ய வல்லது. உடலின் துன்பத்தைத் தணிக்க மருத்துவம் நல்ல மருந்துகளைக் கண்டுவிட்டது. உறவில் நேரும் துன்பத்திற்கு மருந்து நம்மிடந்தான் இருக்கிறது. ஏழு வயது முதல் இந்நோயுடன் வாழ்ந்து வருபவன் என்ற முறையிலும், அறிவியல் மாணவன் என்ற முறையிலும் இதுபற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழல்கள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்கின்றன. இரைப்பு உடையவர்க்கு இவற்றின் உட்சுவர் பெரும்பாலும் அழற்சியுற்றே இருக்கும். புகை, தூசி, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் இவற்றுள் ஒன்று தாக்கியதும் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை மிகுகிறது. வழி குறுகுவதால் மூச்சை இழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவதே கடினமாகிறது. இதைத்தான் நம் வீடுகளில் 'இழுப்பு' என்கிறார்கள். இது தொற்றுநோய் அன்று. ஒரே அறையில் உறங்கினாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வாராது.

இந்நோயைத் தூண்டுபவற்றை எண்ணிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அவற்றுள் பல, மனிதர் கூடி மகிழும் இடங்களுக்கே உரியவை. தீபாவளி வெடி, ஹோலிப் பொடி, திருமணத்தில் ஓமப்புகை, குளிர்கால இரவில் விடுதி வாசலில் மூட்டும் நெருப்பு, தேநீர்க் கடையில் நண்பர் பற்றவைக்கும் சிகரெட் எல்லாம் இதில் அடங்கும். வயிறு குலுங்கச் சிரிப்பதுகூடச் சிலருக்கு இரைப்பை வரவழைக்கும்! ஆகவே நோயாளி மெல்ல ஒதுங்குகிறான். காரணம் அறியாதவர்கள் அவனைக் கர்வி என்கிறார்கள்.

தில்லியில் இத்தொல்லை மிகுதி. அக்டோபர் பிற்பகுதி முதல் வைக்கோல் தாள் எரிக்கும் புகை, வண்டிப்புகை, தூசி யாவும் சேர்கின்றன. காற்றோட்டம் குறைந்து, தரையை ஒட்டிய குளிர்காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால் அவை கலைவதில்லை. நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாளொன்றின் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இங்கோ நவம்பரில் அது 200ஐத் தாண்டும் நாட்கள் பல.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 1955இல் ரைக்கர் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், இரைப்பு நோயுள்ள அவருடைய பதின்மூன்று வயது மகள், தன் மருந்து ஏன் கூந்தல் தெளிப்பானைப் போன்ற ஒரு புட்டியில் வரக்கூடாது என்று கேட்டாள். அடுத்த ஆண்டே அளவாக மருந்து தெளிக்கும் கைக்கருவி விற்பனைக்கு வந்தது. மகள் தன் குறையைத் தயங்காமல் சொன்னாள், தந்தை செவிகொடுத்தார். அதன் பயனை இன்று உலகமே நுகர்கிறது.

ஆயினும் நம்மிடையே இன்ஹேலரை ஒளித்து வைப்பவர்களே அதிகம். "பழகினால் விடாது; மாத்திரையே போதும்" என்கிறார்கள் பெரியவர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு; இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது அதில் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேரே குழலுக்குச் செல்வதால் சிற்றளவே போதுமானது. உடனே மூச்சைத் திறப்பது ஒரு மருந்து. அழற்சியைத் தணித்து நோயை வராமல் காப்பது வேறொன்று. பின்னதை மருத்துவர் சொன்னபடி, உடல் நலமாக உள்ள நாளிலும் எடுத்துவர வேண்டும்.

இங்கேதான் மறைப்பதன் கேடு விளங்கும். திருமணப் பேச்சில் பெண்ணின் நோயை மறைத்துவிடுகிறார்கள். புகுந்த வீட்டில் அவள் நாள்தோறும் மருந்தை எவ்வாறு எடுப்பாள்? மிளகாய் தாளிக்கும் நெடி ஆகாதென்று எவரிடம் சொல்வாள்? மருந்து நின்றுபோகும்; நோய் முற்றும்.

இரைப்பு பெரும்பாலும் பின்னிரவில், இரண்டு மணி முதல் நான்கு மணிக்குள் மிகும். அந்த வேளையில் தயக்கமின்றி எழுப்பத்தக்க ஒருவர் அருகில் உண்டா என்பதே நோயாளியின் பெருங்கவலை. பகலில் சொல்லாதவன் இரவில் எழுப்பத் தயங்குவான். அத்தயக்கம் உயிருக்கே உலை வைக்கலாம்.

என் அறைத்தோழர் பீகாரைச் சேர்ந்தவர். விடுதிக்கு வந்த முதல் வாரமே அவரிடம் நீலநிற இன்ஹேலரைக் காட்டி, அதன் இடத்தையும் சொல்லி வைத்தேன். மறுநாள் கொசுவத்திச் சுருளை எடுத்தெறிந்துவிட்டுக் கொசுவலை வாங்கி வந்தார். ஒரு நவம்பர் இரவில் அவரை எழுப்பினேன். நிமிர்ந்து உட்காரச் செய்து, மருந்தைக் கையில் தந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அருகில் அமர்ந்திருந்தார். காலையில் வழக்கம்போல் வகுப்புக்குச் சென்றார். அதைப்பற்றி எவரிடமும் பேசவில்லை.

நண்பர்களே, நீங்கள் செய்ய வேண்டியன சிலவே. நோயாளியின் அருகில் புகைக்காதீர்கள். இரைப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள். சாய்ந்து நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். சூழ்ந்து நிற்காமல் காற்றுக்கு வழிவிடுங்கள். மருத்துவர் எழுதித் தந்த அளவில் இன்ஹேலரைக் கொடுங்கள். மருந்து பயன் தராவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். 112ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரைப்பு உடைய தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். இந்த ஆண்டு உங்கள் அறைக்கு வருபவரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மருந்து இருக்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள்.