விற்கப்போகும் வீட்டைத் திருத்தலாமா?

எமது கடைக்கு டைல்ஸ், பெயின்ட் விலை கேட்டு வருபவர்களில் சிலர் கூடவே ஒரு வார்த்தையும் சொல்வார்கள். “வீட்ட விக்கப் போறோம் ஹாஜியார். அதுக்கு முன்னால கொஞ்சம் வடிவாக்கினா நல்ல விலை வருமே.”

நான் ஹாட்வெயார் வியாபாரி. அவர்களிடம் “வேண்டாம்” என்று சொன்னால் நட்டம் எனக்குத்தான். இருந்தாலும் இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன். எல்லாவற்றையும் வேண்டாம் என்பதல்ல. எதைச் செய்ய வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பதை இரண்டு வீடுகளின் கணக்கை வைத்துப் பார்ப்போம். இரண்டும் எங்கள் குடும்பத்து வீடுகள்.

வாப்பாவின் வீடு

வாப்பா மௌத்தான பின்னர், 2009 இல், தெஹிவளையில் இருந்த அவரது வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வதென நாங்கள் சகோதரர்கள் முடிவு செய்தோம். 11 பேர்ச்சஸ் காணியில் பழைய ஓட்டு வீடு. யுத்தம் முடிந்து, கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் நோக்கிக் காணி வாங்குபவர்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். “இப்படியே கொடுத்தால் நட்டம், திருத்திக் கொடுப்போம்” என்று நின்றவன் நான்தான். கடை இருக்கிறது, பாஸ்மார் கையில் இருக்கிறார்கள் என்ற தைரியம். வரவேற்பறைக்கு டைல்ஸ், சமையலறைக்குப் புதிய பாண்ட்ரி, குளியலறைக்குப் புதுச் சாமான்கள் என 11 இலட்சம் முடிந்தது.

வாங்கியவர் வீட்டுக்குள் பத்து நிமிடமும் நிற்கவில்லை. பாதையின் அகலத்தைக் கேட்டார், காணியின் எல்லையைச் சுற்றிப் பார்த்தார். பேர்ச் கணக்கில்தான் விலை பேசினார். மூன்று மாதத்தில் வீடு இடிக்கப்பட்டது. நான் தெரிவு செய்து பதிப்பித்த டைல்ஸ் கல்லோடு கல்லாக டிராக்டரில் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த 11 இலட்சம் என் பணம் மட்டுமல்ல, என் தம்பி, தங்கச்சிமாரின் பங்கும்தான். அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று நான் கேட்கத் தவறிய முதல் கேள்வி இதுதான்: வருபவர் வாங்கப்போவது வீட்டையா, காணியையா? நகரத்தில் காணி விலை ஏறிய இடங்களில் பழைய வீடு பெரும்பாலும் விலைக்கு வருவதில்லை. உடைப்பதற்கு ஆகும் செலவைக்கூட வாங்குபவர் கழித்துத்தான் பேசுவார். அப்படியான இடத்தில் ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள். வளவைத் துப்புரவாக்கி, எல்லைக் கற்களைத் தெரியும்படி வைத்தால் போதுமானது.

தங்கச்சியின் வீடு

இரண்டாவது வீடு மாவனல்லையில் உள்ள என் தங்கச்சியுடையது. கலியாணத்தின்போது அவளது பெயருக்கே எழுதிய வீடு. 14 பேர்ச்சஸ். மச்சான் மௌத்தானபோது கடைக்கு எடுத்த வங்கிக் கடனில் 30 இலட்சம் மீதி இருந்தது. 2023 இன் ஆரம்பத்தில் வட்டி வீதம் உச்சத்தில் இருந்த நேரம். வட்டி மட்டும் மாதம் 60,000 ரூபா. வீட்டை விற்றுக் கடனை முடித்து, சிறிய வீடொன்று வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பிப்பதுதான் அவளுக்கு இருந்த வழி.

அப்போது ஒருவர் ஒரு கோடியே 40 இலட்சத்துக்குக் கேட்டிருந்தார். தரகர் வேறு யோசனை சொன்னார். “நானா, பதினஞ்சு லட்சம் போட்டு டைல்ஸ், பாண்ட்ரி எல்லாம் செஞ்சா இருபது லட்சம் கூடக் கேக்கலாமாம். என்ன செய்வோம்?” என்று தங்கச்சி கேட்டாள். 5 இலட்சம் இலாபம் போலத் தெரிகிறது அல்லவா? கணக்கைக் காகிதத்தில் எழுதினோம்.

வேலைச் செலவு 15 இலட்சம். வேலை முடிந்து ஆள் பிடிக்க ஐந்து மாதம், அதற்கான வட்டி 3 இலட்சம். கூடுதலாக வரும் 20 இலட்சத்துக்கும் தரகர் கூலி 3 வீதம், அது 60,000 ரூபா. மொத்தம் 18 இலட்சத்து 60 ஆயிரம். மீதி 1 இலட்சத்து 40 ஆயிரம். வேலை இரண்டு மாதம் பிந்தினால் அதில் 1 இலட்சத்து 20 ஆயிரம் வட்டிக்கே போய்விடும். அதுவும் கேட்கும் 20 இலட்சம் முழுதாகக் கிடைத்தால் மாத்திரம். 15 இலட்சம் மட்டுமே கூடக் கிடைத்தால் கைநட்டம். 2022 இல் ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியதை என் கடையிலேயே பார்த்தவன் நான். பாஸ் தரும் எஸ்டிமேட்டை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியும்.

பயமா, ருசியா?

வீடு பார்க்க வருபவரின் மனதில் இரண்டு விடயங்கள் ஓடும். ஒன்று பயம்: கூரை ஒழுகுமா, வயரிங் பழுதா, சுவர் வெடித்திருக்கிறதா, உறுதி சரியா? மற்றது ருசி: டைல்ஸின் நிறம், பாண்ட்ரியின் அமைப்பு. ருசி ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்களுக்குப் பிடித்த பாண்ட்ரியை அவர் கழற்றி எறியலாம். ஆனால் பயம் எல்லோருக்கும் ஒன்றே. ஒழுகும் கூரையைக் காணும் ஒருவர் 80,000 ரூபா வேலைக்கு 5 இலட்சம் குறைத்துக் கேட்பார். பயத்தைப் போக்கும் வேலைக்குச் செலவழியுங்கள். ருசிக்கான வேலையை வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். உடைந்த சீட்டுகளையும் பீலியையும் மாற்ற 85,000. வெளியில் தொங்கிய வயர்களைச் சரிசெய்து புது ட்ரிப் சுவிட்ச் போட 40,000. ஒழுகிய குழாய்களுக்கு 15,000. பழைய சாமான்களை அகற்றி வளவைத் துப்புரவாக்க 20,000. உள்ளும் புறமும் ஒரே வெள்ளை நிறத்தில் பெயின்ட் அடிக்க 1 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 3 இலட்சத்து 20 ஆயிரம். மூன்று வாரத்தில் முடிந்தது.

சுவருக்கு முன் கடதாசி

ஆனால் உண்மையில் விலையைக் கூட்டியது பெயின்ட் அல்ல. மச்சான் இருக்கும்போது பின்னால் இரண்டு அறைகளை அனுமதி எடுக்காமல் கட்டியிருந்தார். வங்கிக் கடனில் வாங்க வருபவருக்கு இது பெரிய தடை. வங்கியின் சட்டத்தரணி உறுதியையும் பதிவையும் பார்ப்பார். மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்பார். கடதாசியில் இல்லாத அறைக்கு விலை போடத் தயங்குவார். அதனால்தான் எங்களிடம் கைக்காசுக்காரர் ஒருவர் மட்டும் வந்து, தனக்கு ஏற்ற விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விதிகளுக்கு அமைவாக உள்ள கட்டிடமாயின், உரிய கட்டணம் செலுத்திப் பின்னராவது அனுமதி பெற வழியுண்டு. நில அளவையாளர், வரைபடம், பிரதேச சபைக் கட்டணம் எல்லாமாக 1 இலட்சத்து 10 ஆயிரம் முடிந்தது. இரண்டரை மாதம் எடுத்தது. காத்திருக்காமல், அதற்கிடையிலேயே வீட்டை ஆட்களுக்குக் காட்டத் தொடங்கினோம். உறுதி, நில அளவைப் படம், தெருவெல்லைச் சான்றிதழ், சோலை வரிப் பற்றுச்சீட்டு, காணிப் பதிவகத்தின் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தோம். அதன் பின்னர் மூன்று பேர் போட்டிக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் வங்கிக் கடன்காரர்கள்.

மறைத்து விற்பது வியாபாரமல்ல

குளியலறைப் பக்கச் சுவரில் ஈரம் ஊறி இருந்தது. “மேலால ஒரு கோட் அடிச்சு புட்டி வச்சா ஆறு மாசத்துக்கு வெளிய தெரியாது” என்றார் பாஸ். அந்த டின் என் கடையிலேயே இருக்கிறது. தங்கச்சி கேட்டாள், “வாங்குறவரும் புள்ளகளோடதானே நானா வாறாரு?” அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாங்க வந்தவரிடம் சுவரைக் காட்டிச் சொன்னோம். அவர் ஒன்றரை இலட்சம் குறைத்தார். எப்படியும் குளியலறையை உடைத்துக் கட்டத்தான் போகிறேன் என்றும் சொன்னார். நாங்கள் அதில் பணம் போட்டிருந்தால் அதுவும் டிராக்டரில்தான் போயிருக்கும்.

அந்தக் குறைப்புக்குப் பின்னர் விலை ஒரு கோடியே 52 இலட்சத்தில் முடிந்தது. முன்னர் கேட்டதைவிட 12 இலட்சம் அதிகம். செலவு 4 இலட்சத்து 30 ஆயிரம். மூன்று மாத வட்டி, அதிகப்படித் தரகர் கூலி எல்லாம் கழித்தும் 5 இலட்சத்துக்கு மேல் தங்கச்சியின் கையில் நின்றது. கடன் முடிந்தது.

வரியையும் மறக்க வேண்டாம்

2018 ஏப்ரல் முதல் சொத்து விற்பனையில் மூலதன ஆதாய வரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அப்போது 10 வீதம். தனிநபர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதமாக உயர்த்தப்பட்டது. விற்பதற்கு முன்னரான மூன்று வருடங்கள் தொடர்ந்து உங்கள் உரிமையில் இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடங்கள் நீங்கள் வசித்த பிரதான வதிவிடத்துக்கு விலக்கு உண்டு. வாடகைக்குக் கொடுத்த வீடு, வெறும் காணி என்பவற்றை விற்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவைக் கணக்கில் காட்ட முடியும். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். “பில் தேவையில்ல ஹாஜியார், விலையக் குறைங்க” என்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு விற்க நினைக்கும் வாசகர்கள் இரண்டு தரகர்களிடமும் ஒரு மதிப்பீட்டாளரிடமும் கேளுங்கள்: இப்படியே விற்றால் என்ன விலை, திருத்தினால் என்ன விலை? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் செலவையும், காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும் கழியுங்கள். மீதி கணிசமாக இருந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். இந்தக் கேள்வியை மேசன் பாஸிடம் கேட்காதீர்கள். ஹாட்வெயார் கடைக்காரனிடமும் கேட்காதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வீடு வாங்குபவர் பக்கம் நின்று பார்ப்போம்.