வீட்டுப்பாடம் என்று போனை வாங்கினால்...

நசரத்பேட்டையில் அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள், வீட்டுப்பாடம் பார்க்க எடுத்த போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியும் வீடும் கைகோத்தால் இதைச் சரிசெய்யலாம்.

1. வீட்டுப்பாடத்தை டைரியிலும் எழுதித்தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். போனைத் தொடும் தேவையே குறையும்.

2. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்ணையே கொடுங்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் தாங்களாகவே வாட்ஸ்அப் கணக்கு தொடங்க அனுமதி இல்லை.

3. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், ‘டிஜிட்டல் வெல்பீயிங்’கில் யூடியூப், இன்ஸ்டாகிராமுக்கு நேர வரம்பு வையுங்கள். நேரம் முடிந்ததும் ஆப் தானாக நின்றுவிடும்.

4. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, போனுக்குப் பொது விதி வையுங்கள். “அவன் வீட்டுல மட்டும் விடுறாங்களே” என்ற பேச்சு எழாது.

5. இரவில் எல்லா போனையும் ஹாலில் சார்ஜ் போடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

6. போனில் யாராவது பிள்ளையை மிரட்டினால், பிள்ளையைத் திட்டாதீர்கள். மெசேஜை அழிக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மெசேஜை அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.