கருவி இருக்கும் இடம்

தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், பைத்தான் வழியே சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கும் பாடம் உண்டு. அதற்கு மின்ஜிடபிள்யூ என்னும் தொகுப்பானை நிறுவ வேண்டும். நிறுவிய பின்னும், 'ஜி பிளஸ் பிளஸ்' என்ற கட்டளை தனக்குத் தெரியாது எனக் கணினி கூறலாம். ஏன்?

மரக்காணம் உப்பளத்திற்குப் புதிதாக வந்தவரிடம் பலகையை எடுத்துவரச் சொன்னால், தம் அருகே பார்ப்பார். பின் நாம் சொன்ன கொட்டகைகளில் மட்டும் தேடுவார். விண்டோஸ் கட்டளைச் சாளரமும் அவ்வாறே. நாம் இருக்கும் கோப்புறையைப் பார்த்துவிட்டு, 'பாத்' என்னும் சூழல் மாறியில் எழுதிய கோப்புறைகளை வரிசையாகப் பார்க்கும். வேறெங்கும் தேடாது. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இம்முறை இன்றும் நிலைத்துள்ளது.

செய்ய வேண்டியவை:

1. 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' பகுதியைத் திறந்து, 'பாத்' வரியைத் தேர்ந்தெடுக்கவும்.

2. மின்ஜிடபிள்யூவின் உள்ளே இருக்கும் 'பின்' கோப்புறையின் முழு முகவரியைச் சேர்க்கவும். பழைய முகவரிகளை அழிக்கலாகாது. அழித்தால் பிற கருவிகள் அகப்படாமல் போகும்.

3. கட்டளைச் சாளரத்தையும் பைத்தானையும் மூடித் திறக்கவும். ஒரு நிரல் தொடங்கும்போதே சூழலின் நகலைப் பெற்றுவிடுகிறது. பின்னர் செய்த மாற்றத்தை அது அறியாது.

ஆகவே மாணவியரே, செய்முறைத் தேர்வன்று பிழைச் செய்தி வந்தால் மீண்டும் நிறுவி நேரத்தை இழக்காதீர்கள். கருவி இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொன்னோமா என்று முதலில் பாருங்கள்.