பச்சை விரிப்பும் பசும்புல்லும்

மண்ணுக்கு இயற்கை அளித்த ஆடை புல். மழைத்துளி மண்ணை நேரே தாக்கி அரித்துவிடாமல் காப்பதும், பெய்த நீரை வேர்வழியே நிலத்துள் இறங்கச் செய்வதும், ஆடுமாடுகட்கு உணவாவதும் அதன் தொண்டுகளாகும். புல் வகைகளுள் அறுகு தனிச் சிறப்புடையது. கோடையில் அது காய்ந்து அழிந்ததுபோல் தோன்றும். ஒரு மழை பெய்தாலோ கணுதோறும் தளிர்க்கும். அதனாலன்றோ மணமக்களை வாழ்த்தும் பெரியோர், அறுகினைப்போல் வேரூன்றி வாழுமாறு வாழ்த்துகின்றனர்!

இத்தகைய புல்லுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக்கினால் ஆகிய புல் இன்று பல நாடுகளில் விரிக்கப்படுகின்றது. அதற்கு நீர் பாய்ச்ச வேண்டா, உரமிட வேண்டா, வெட்டிச் சீர்செய்ய வேண்டா. ஆண்டு முழுவதும் அதன் பசுமை குன்றுவதில்லை. ஆதலின் சுற்றுச்சூழலுக்கு ஏற்றது அதுவே என்று கூறுவோர் உளர். அக்கூற்று எத்துணை உண்மையானது என்பது ஆராயத்தக்கது.

செயற்கைப் புல்லின் வரலாறு சுவையானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள மான்சான்டோ நிறுவனத்தார் அதனை உருவாக்கினர். 1964ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பள்ளியொன்றில் அது விரிக்கப்பட்டது. எனினும், அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரமே. அங்கு 1965ஆம் ஆண்டில் ‘ஆஸ்ட்ரோடோம்’ என்னும் பேரரங்கம் திறக்கப்பட்டது. பேஸ்பால் ஆட்டத்திற்கென அமைந்த அவ்வரங்கின்மீது குவிந்த கூரை வேயப்பட்டிருந்தது. கதிரவன் ஒளி உள்ளே புகுதற்பொருட்டு, ஒளி ஊடுருவும் பலகைகளைக் கூரையில் பொருத்தியிருந்தனர். அவ்வொளியில் வளருமாறு, அறுகின் கலப்பினமாகிய ஒரு புல்லைத் தரையில் வளர்த்தனர்.

ஆனால், எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. உயர எழும் பந்தைப் பிடிக்க அண்ணாந்து நோக்கிய ஆட்டக்காரர்களின் கண்கள் கூசின. பந்து கண்ணுக்குப் புலப்படவில்லை. அதனைத் தவிர்க்கப் பலகைகளின்மீது வண்ணம் பூசினர். கண்கூச்சம் நீங்கிற்று, ஒளியிழந்த புல்லோ மடிந்தது. அவ்வாண்டில் எஞ்சிய ஆட்டங்கள், பட்டுப்போன புல்லின்மீதும் பச்சை வண்ணம் தீட்டிய மண்ணின்மீதும் நடைபெற்றன. 1966ஆம் ஆண்டில் அங்குச் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. அரங்கின் பெயரால் ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்னும் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. உயிருள்ள புல் வாழ இயலாத இடத்திலே செயற்கைப் புல் பெற்ற வெற்றி அது. ஆனால், நாளடைவில் புல் நன்கு வாழக்கூடிய இடங்களிலும் அது புகுந்தது. விளையாட்டரங்கிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டு முற்றத்திற்கும் பரவியது.

இப்பரவலுக்குத் தக்க காரணமும் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மழை குறைந்த நிலம். நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டிற்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. அந்நகரம் தனக்கு வேண்டும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கினைக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறுகின்றது. இத்தகைய பாலைநிலத்தில், மழைவளம் மிக்க நாடுகளின் வழக்கத்தைப் பின்பற்றி வீடுதோறும் புற்றரை வளர்த்தால் நீர்வளம் என்னாகும்? அமெரிக்க நாடு முழுவதையும் நோக்கினும், வீடுகளில் செலவாகும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோட்டத்திற்கும் புற்றரைக்குமே பாய்கின்றது. அன்றியும், புல் வெட்டும் பொறிகள் பெட்ரோலை எரித்துக் காற்றைக் கெடுக்கின்றன. மிகுதியாக இடப்படும் உரமும் பூச்சிமருந்தும் மழைநீரோடு கலந்து நீர்நிலைகளை அடைகின்றன. ஆகவே, இயற்கைப் புற்றரை என்பதனாலேயே அது குற்றமற்றது என்று கருதுதல் பொருந்தாது.

எனினும், நீர்ச்செலவு ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டு முடிவு கூறலாகாது. வெப்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயிருள்ள புல் தன் இலைகளிலுள்ள நுண்துளைகளின் வழியே நீராவியை வெளியிடுகின்றது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் புல்லும் அதனைச் சூழ்ந்த காற்றும் குளிர்கின்றன. பிளாஸ்டிக்கிற்கு இவ்வாற்றல் இல்லை. அது வெயிலை ஏற்று வெப்பத்தைத் தேக்கிக்கொள்கின்றது. யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002ஆம் ஆண்டில் இதனை அளந்தறிந்தனர். காற்றின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸாக இருந்த ஒரு நாளில், செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை காய்ந்தது. தார்த்தளத்தைவிட அதன் வெப்பம் மிகுந்திருந்தது.

நீர் தெளித்தால் அவ்வெப்பம் தணியாதோ எனின், தணியும். ஆயினும் நிலைத்து நில்லாது. அப்பல்கலைக்கழகத்தார் நீர் தெளித்தபோது 79 டிகிரியாக இருந்த வெப்பம் 29 டிகிரிக்கு இறங்கிற்று. ஐந்து நிமிடங்களில் அது 49 டிகிரியாயிற்று. இருபது நிமிடங்களில் மீண்டும் 73 டிகிரியைத் தொட்டது. 1976ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரத்து ஒலிம்பிக் விழாவிலே ஹாக்கி ஆட்டம் முதன்முறையாகச் செயற்கைக் களத்தில் ஆடப்பட்டது. அதன்பின் உயர்நிலைப் போட்டிகளுக்கென அமைந்த ஹாக்கிக் களங்கள் பல, பந்து விரைந்தோடுதற்பொருட்டு ஆட்டத்திற்கு முன்னர் நீரால் நனைக்கப்பட்டன. நீர் வேண்டாத புல்லென்று போற்றப்பட்டதும் நீரை வேண்டி நின்ற விந்தை இது!

இனி, செயற்கைப் புல்லின் பிறப்பும் இறப்பும் நோக்கத்தக்கன. பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன், நைலான் முதலிய பொருள்களால் அதன் இழைகள் ஆக்கப்படுகின்றன. இவை பெட்ரோலியம் முதலிய நிலத்தடி எரிபொருள்களிலிருந்து பெறப்படுவன. ஆடுகளங்களில் இழைகள் நிமிர்ந்து நிற்கவும், விழுவோர்க்குத் தரை மென்மையாக இருக்கவும், பழைய டயர்களை அரைத்த ரப்பர்த் துகள்களை மணலோடு இடையிடையே தூவுகின்றனர். அத்துகள்கள் ஆடுவோரின் காலணிகளில் ஒட்டியும், மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டும் வெளியேறுகின்றன. டயரிலுள்ள துத்தநாகம் போன்றவை கசிந்து மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. இக்கேட்டினை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய துகள்களைக் களங்களுக்கென விற்பது 2031ஆம் ஆண்டில் நின்றுவிட வேண்டுமென்று 2023ஆம் ஆண்டில் விதி செய்தது.

மிகுதியாகப் பயன்படும் ஆடுகளத்தின் செயற்கைப் புல் பத்தாண்டளவில் தேய்ந்துபோகின்றது. அப்போது இழை, அடித்துணி, பசை, மணல், ரப்பர் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், அவற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துதல் எளிதன்று. உயிருள்ள புல் மடிந்தால் மண்ணுக்கு உரமாகும். பிளாஸ்டிக் புல் தேய்ந்தால் பெருங்குப்பையாகும். மேலும், விரிப்பின்கீழ் அகப்பட்ட மண்ணில் இலைச்சருகு விழுந்து மக்குவதில்லை. மண்புழுவைத் தேடிவரும் பறவைக்கு அங்கு இரையும் இல்லை. வண்ணத்துப்பூச்சிக்கு அங்கு மலரும் இல்லை.

இவ்வுண்மைகள் தெளிவாகத் தெளிவாக மக்கள் கருத்தும் மாறலாயிற்று. கடும் வறட்சியில் தவித்த கலிபோர்னியா மாநிலம், வீடுகளில் செயற்கைப் புல் இடுவதை நகராட்சிகள் தடுத்தலாகாது என்று 2015ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. எட்டாண்டுகள் கழிந்தன. அம்மாநிலமே 2023ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தி, வறட்சியைத் தாங்கும் தோட்ட வகையினின்றும் செயற்கைப் புல்லை நீக்கியது. அதனைத் தடைசெய்யும் உரிமையையும் நகராட்சிகட்கு மீண்டும் வழங்கியது. ஓர் இடரை நீக்க மேற்கொண்ட வழி பிறிதோர் இடரை விளைத்தல் உண்டு. அதனை அறிந்தபின் திருத்திக்கொள்வது இழுக்கன்று, அறிவுடைமையே ஆகும்.

அவ்வாறாயின், நீரை உண்ணும் புற்றரை, வெயிலை உண்ணும் பிளாஸ்டிக் விரிப்பு என்னும் இரண்டையன்றி வேறு வழி இல்லையோ? உண்டு. தெற்கு நெவாடா நீர் ஆணையத்தார் அதனைக் காட்டியுள்ளனர். புற்றரையை அகற்றிப் பாலைக்குரிய கற்றாழை, புதர்ச்செடி, சிறுமரம் ஆகியவற்றை வளர்ப்போர்க்கு அவர்கள் பொருளுதவி புரிகின்றனர். இதனால் ஒரு சதுர அடிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 55 காலன், அஃதாவது 208 லிட்டர் நீர் மிச்சமாகின்றது. செடிகளும் உயிருடன் நின்று நிழலும் மலரும் தருகின்றன. மேலும், எவரும் ஆடாத, நடக்காத, அழகிற்கெனவே சாலையோரங்களிலும் அலுவலக முகப்புகளிலும் வளர்க்கப்படும் பயனற்ற புற்றரைகளுக்குக் கொலராடோ ஆற்றுநீரை 2027ஆம் ஆண்டு முதல் பாய்ச்சலாகாது என்று அம்மாநிலம் 2021ஆம் ஆண்டில் சட்டமும் செய்தது.

ஆயின், செயற்கைப் புல் எவ்விடத்தும் விலக்கத்தக்கது என்று கூறுதலும் மிகையே. காலைமுதல் இரவுவரை பலர் மாறிமாறி ஆடும் களத்தில் உயிருள்ள புல் விரைவில் தேய்ந்துவிடும். கதிரொளி புகாத உள்ளரங்கிலோ அது முளைப்பதும் அரிது. அத்தகைய இடங்களில் செயற்கைப் புல் ஆட்டத்திற்குத் துணைபுரியும் ஒரு கருவியாகும். கருவியைக் கருவியென்று கூறிப் பயன்படுத்துதல் முறை. அதனை இயற்கையின் காவலன் என்று புகழ்தல் முறையன்று.

பசுமை என்பது நிறம் மட்டும் அன்று. அது உயிர்ப்பின் அடையாளம். ஹூஸ்டன் அரங்கில் மண்ணின்மீது தீட்டிய பச்சை வண்ணம் கண்ணை நிறைத்திருக்கலாம். அதில் ஒரு தளிரும் துளிர்க்கவில்லை. நிலத்தின் இயல்பறிந்து, கிடைக்கும் நீரின் அளவறிந்து, அவற்றிற்கேற்ற செடிகொடிகளை வளர்ப்பதே அறிவுடையோர் செயலாகும். கோடையில் சற்றே பழுத்துக் கிடக்கும் அறுகினைக் கண்டு வெறுத்தல் வேண்டா. அது மழையை எதிர்நோக்கி உயிரோடு காத்திருக்கின்றது.